ஏற்றத்தில் ஏசியை அணைக்கும் கை

எங்கள் பக்கத்தில் கார் ஓட்டும் எவரையும் ஒரு மேம்பாலத்தில் கவனித்தால் தெரியும். ஏற்றம் தொடங்குவதற்கு இருபது முப்பது அடி முன்பே இடது கை கியரிலிருந்து கிளம்பும். ஏசி பட்டனை ஒரு தட்டுத் தட்டும். திரும்பவும் கியருக்கே வந்துவிடும். பேச்சு நிற்காது, பார்வை சாலையை விட்டு விலகாது. இறக்கத்தில் அதே கை அதே பட்டனை இன்னொரு முறை தட்டும். ஏன் என்று கேட்டால், "இழுவை வேணும்ல" என்பார்கள். ஏசி ஓடினால் வண்டி இழுக்காது. இதை யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. நானும் கார் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இதற்கு எதிராகப் பேசி நான் கேட்ட ஒரே ஆள் என் அக்காவின் கணவர். கார் ஏசி மெக்கானிக். புதுக்கோட்டையில் வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டு வேலை பார்க்கிறார். ஒரு நாள் டீக்கடையில் ஐந்தாறு டிரைவர்கள் இருக்கும்போது, "ஏசி போட்டா முன்னவிட ஜாஸ்தியா இழுக்குற மாதிரி ஒரு வண்டி பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனுதாபத்தோடு பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "வெயில்ல ஏன் நிக்கிறீங்க, இங்கிட்டு நெழலுக்கு வாங்க" என்றார்.

அந்த வண்டி எட்டு மாதம் அவர் கொட்டகையில் நின்றது. அதற்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இழுவை. எஞ்சினின் பலத்துக்கும் எங்கள் ஊரில் அதுதான் பெயர். முடியாமல் நீண்டுகொண்டே போகும் வேலைக்கும் அதுதான் பெயர். எந்தப் பொருளில் வைத்தார்கள் என்று மச்சான் யாரையும் கேட்கவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் கடற்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி கொடுக்கிறார். வளைகுடாவில் பல காலம் இருந்து திரும்பியவர். எல்லாருக்கும் அவர் பாய். அவரிடம் இருப்பது பழைய வெளிநாட்டுக் கார், அதில் சூப்பர்சார்ஜர் உண்டு. எஞ்சினின் பெல்ட்டிலேயே சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி அது. காற்று கூடப் போனால் பெட்ரோலும் கூட எரியும், பலம் கூடும். சிக்கல் ஒன்றுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுகிறதே, அதுபோல அமுக்கிய காற்று கொதிக்கும். அதை உணர்ந்த எஞ்சின் கம்ப்யூட்டர், எஞ்சினைக் காப்பாற்றப் பலத்தைக் குறைத்துவிடும். எங்கள் சித்திரை வெயிலில் இரண்டு முறை முழு மிதி மிதித்தால், மூன்றாம் முறை அந்தக் கார் பத்தோடு பதினொன்று.

அந்தக் காற்று எஞ்சினுக்குள் நுழையும் முன் தண்ணீர் ஓடும் ஒரு பெட்டியைக் கடந்து ஆறிப் போகும்படி கம்பெனியிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தத் தண்ணீரும் சூடாகிவிடுவதுதான் தொல்லை. பாய் முதலில் தன் தொழிலுக்குரிய வைத்தியத்தைப் பார்த்திருக்கிறார். பம்பு அந்தத் தண்ணீரை இழுத்துச் சுற்றவிடும் தொட்டியில் நொறுக்கிய ஐஸைக் கொட்டியிருக்கிறார்.

"மொத ரெண்டு தடவ பிச்சுக்கிட்டுப் போச்சு தம்பி. அப்பறம் ஐஸ் கரைஞ்சிருச்சு" என்று மச்சானிடம் சொன்னார். "எனக்குக் கரையாத ஐஸ் வேணும்."

கரையாத ஐஸ் என்ற அந்தச் சொல்லில்தான் மச்சான் விழுந்தார் என்று நினைக்கிறேன். காரின் ஏசி கேஸ் போகும் குழாயை உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் போகவிடாமல் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திருப்பினார். ஏசி இனி மனிதர்களைக் குளிர்விக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும், தண்ணீர் காற்றைக் குளிர்விக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது நான் கேட்டேன், "ஏசியே எஞ்சினோட பலத்தத் திங்குதுன்னுதான மச்சான் ஊரே சொல்லுது?"

"திங்குது. யாரு இல்லேன்னா? கொஞ்சம் திங்கும், நெறயத் திருப்பிக் குடுக்கும்." இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துக் காட்டினார். "இந்தா, இது சூடான காத்து. ஒரு டப்பாவுல எத்தன அடங்கும்?"

"பத்து."

"பொரிக்காத அப்பளம்?"

"நூறு."

"அம்புட்டுத்தான் மாப்ள. நான் அப்பளத்தப் பொரிக்காம உள்ள அனுப்புறேன்."

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அந்த எஞ்சினு குடுத்துவச்சது. நம்ம வீட்டு ரூம்ல ஏசி செத்து ஏழு மாசம் ஆச்சு. கட்டுன பொண்டாட்டிக்கு விசிறி, கார் எஞ்சினுக்குக் குளுகுளு."

"பாத்துருவோம் புள்ள. இந்த வேல முடியட்டும்."

"இதச் சொல்லித்தான் ஊருல ஒங்களுக்குப் பேரு வச்சிருக்காக."

சித்திரை பிறந்ததும் பாய் போன் செய்தார். மச்சான் ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மச்சான் பயந்தார்.

"ஞாயித்துக்கெழம வண்டியக் குவாரிக்குக் கொண்டாங்க. உச்சி வெயில்ல மூணு தடவ ஏறணும். மூணும் ஒண்ணு போல இருக்கணும். இல்லேன்னா கயிறு கட்டி இழுத்துக்கிட்டுத் திருச்சிக்குப் போயி, எல்லாத்தயும் கழட்டிப் போட்டுட்டுப் பழையபடி ஆக்கச் சொல்லிருவேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி. எட்டு மாசம் ஆச்சு."

"காலைல வச்சுக்குவமா பாய்? வெயில் தாழ..."

"காலைல எந்த வண்டிதான் இழுக்காது?"

போனை வைத்த பிறகு மச்சான் கொட்டகைக்குப் போய், திறந்த பானெட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழாய்களுக்கு எல்லாம் அவரே கறுப்பு நுரை சுற்றியிருந்தார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நாள், சிலவற்றுக்கு ஒரு வாரம். அவ்வளவையும் யாரோ ஒருவர் ஒரு மதியத்தில் கழற்றிப் போடலாம். மச்சான் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மூடியை மறுபடியும் துடைத்தார்.

குவாரி அரிமளம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு மண்பாதையின் முடிவில் இருந்தது. பாயின் நண்பருக்குச் சொந்தமானது. கல் எடுப்பதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ஒரு காவல்காரர் மட்டும் இருந்தார், கேட்டைத் திறந்துவிட்டுப் பூவரச மர நிழலில் உட்கார்ந்தார். லாரிகள் பாறை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேலே வருவதற்காகப் போட்ட சரிவுப் பாதை அப்படியே இருந்தது. நான் காலால் அளந்தேன். அடியிலிருந்து உச்சி வரை நானூற்றுப் பத்துத் தப்படி, ஒரே சீரான ஏற்றம். லாரிச் சக்கரங்கள் பல ஆண்டு அமுக்கியதில் தரை சிமெண்டு போல இறுகிக் கிடந்தது.

நேரம் பார்க்கும் வேலை என்னுடையது. பாய்தான் அப்படிச் சொன்னார். "பேப்பர்ல இருக்கறவரு. நம்பரு தப்பாப் போட்டா மறுநாளு திருத்தம் போடணும்னு பயம் இருக்கும்." அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு, உச்சியில் ஒரு கோடு. முன்சக்கரம் கோட்டைத் தாண்டும்போது தட்டுவது, அடுத்த கோட்டில் தட்டுவது. உச்சியில் இருந்து பார்த்தால் இரண்டு கோடும் தெரிந்தன. அக்கா ஒரு கூஜா மோரோடும் குடையோடும் என் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் பன்னிரண்டரை. பாறை நாலா பக்கமும் வெயிலைத் திருப்பி அடித்தது.

பாய் கீழே போகும் முன், டிக்கியைத் திறந்து பார்த்து மூடினார். உள்ளே புது நைலான் கயிறு ஒரு கட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. மச்சானும் அதைப் பார்த்தார்.

முதல் இரண்டு ஓட்டத்துக்கும் பாய் ஓட்ட, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் சின்ன மீட்டர். அதன் ஒயர் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. நீளம் பற்றாததால் மீட்டரை ஏசி பட்டன்களை ஒட்டிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் அடியில் ஐந்து நிமிடம் ஏசியை ஓடவிட்டுத் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

முதல் முறை பதினான்கு புள்ளி ஆறு விநாடி. சூப்பர்சார்ஜரின் ஊளை பள்ளத்தின் சுவர்களில் பட்டு, கார் வந்து நின்ற பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் முறை பதினான்கு புள்ளி ஏழு. பழைய கணக்குப்படி இரண்டாவதிலேயே தளர்ந்திருக்க வேண்டும். பாய் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யா அல்லா, என்ன புழுக்கம்! ஏசின்னு லைட்டு எரியுது, காத்து அடுப்புலேர்ந்து வருது" என்று அக்கா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"சம்பளம் வாங்குறது ஒருத்தர், சாப்புடுறது இன்னொருத்தர்ணே" என்றாள் அக்கா. "எங்க வீட்லயும் இதே கததான்."

கார் நின்ற இடத்தில், எஞ்சினுக்குக் கீழே, பாறையில் ஒரு கையகலத்துக்கு ஈரம் சொட்டியிருந்தது. முதல் முறையும் அதே இடத்தில் சொட்டியிருந்தது, அது அதற்குள் காய்ந்துவிட்டது. குளிர்ந்த பெட்டியின் மேல் வியர்க்கும் தண்ணீர், டம்ளரில் ஐஸ் போட்டால் வெளியே முத்து முத்தாக நிற்குமே, அதுதான். காரணமில்லாமல் அதையும் நோட்டில் குறித்தேன். தொழில் பழக்கம்.

மூன்றாம் ஓட்டத்துக்கு முன் பாய் சொன்னார், "தம்பி, இந்த தடவ நான் தனியாப் போறேன். நீங்க உள்ள ஒக்காந்து ஏதாச்சும் திருகுறீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லப்புடாதுல்ல."

மச்சான் மீட்டரைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். உச்சிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் மீட்டரின் ஒயர் தொங்கியது. கீழே கார் ஐந்து நிமிடம் நின்றது, புறப்பட்டது. பாதிப் பாதையிலேயே மச்சானின் முகம் மாறிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஊளையைக் கேட்டார். ஊளை உச்சத்துக்குப் போகாமல் நடுவிலேயே சமாதானம் ஆகிவிட்டது.

பதினேழு புள்ளி ஒன்பது.

எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். பாய் இறங்கினார். டிக்கியைத் திறந்து கயிற்றை எடுத்தார். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார்.

"பாய், ஒரு அஞ்சு நிமிஷம்..." என்றார் மச்சான்.

"எட்டு மாசம் குடுத்தேன் தம்பி."

எட்டு மாதமாக மச்சானை ஒரு நாள் விடாமல் திட்டியவள் அக்கா. அவள்தான் இப்போது குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கயித்தக் கீழ போடுங்கண்ணே. ரெண்டு தடவ இழுத்த வண்டி மூணாந்தடவ இழுக்கலேன்னா, அது வண்டிக்கு வந்த கேடா, ஓட்டுனவுகளுக்கு வந்த கேடான்னு பாக்க வேணாமா?"

"தங்கச்சி, நான் நாப்பது வருசமா ஓட்டுறேன்."

"இவுகளும் அம்புட்டு வருசமா ரிப்பேர் பாக்குறாக."

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. மச்சான் எண்பத்தைந்து கிலோ. அவர் இறங்கியபின் கார் அத்தனை கிலோ லேசு. வேகம் கூடியிருக்க வேண்டும், கூடாவிட்டாலும் மூன்று விநாடிக்கு மேல் விழக் கூடாது. குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். பாறை உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

"மச்சான், இந்த தடவ சொட்டல" என்றேன்.

அவர் வந்து குனிந்தார். பிறகு நிமிர்ந்து பானெட்டைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தார். "தொட்டி சில்லுனு இருக்கு மாப்ள." காற்று கடக்கும் பெட்டியில் கை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது. "தண்ணி ஓடல. பம்பு நின்னுருக்கு." பாய் பக்கம் திரும்பினார். "பாய், ஏசிய அமத்துனீங்களா?"

"நான் எதுக்குத் தம்பி அமத்துறேன்? எட்டு மாசமா அதுக்குத்தான காத்துக்கெடக்கேன்?"

நால்வரும் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். ஏசி பட்டனில் விளக்கு எரியவில்லை.

பாய் மெதுவாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து, எதிரே ஏற்றம் இருப்பதுபோல நிமிர்ந்து பார்த்து, கியரைப் போட்டார். போட்ட கை கியரில் நிற்கவில்லை. தானாகக் கிளம்பி, பட்டனை ஒரு தட்டுத் தட்டி, திரும்பி வந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பார்ப்பதற்கு, அவர் கேட்காமலே அந்தக் கை வேறு யாருக்கோ வேலை செய்ததுபோல இருந்தது.

முதலில் சிரித்தவர், எங்கள் பின்னால் வந்து நின்றிருந்த காவல்காரர். பிறகு அக்கா. பாய் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். "ஐஸ் கம்பெனிக்காரனே ஐஸ நிப்பாட்டிப்புட்டனே!"

"மொத ரெண்டு தடவயும் என் மீட்டரு பட்டன மறச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார் மச்சான். அவர் இன்னும் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் பாய். பம்பையும் அந்தப் பட்டன்லயே கொடுத்துட்டேன்."

"புதுப் பட்டன் வைக்காத, வண்டி பாக்க ஒரிஜினலா இருக்கணும்னு சொன்னது நான்தான தம்பி."

"நம்ம ஊருல எல்லாரும் கை வைக்கிற பட்டன்ல கொடுக்கலாமா? நான் யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சது போதும்" என்றாள் அக்கா. குடையை என் கையில் திணித்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு போய், பாய்க்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். "எறக்குங்கண்ணே கீழ. நான் பாத்துக்கறேன் அந்தப் பட்டன."

மச்சான், "புள்ள, உள்ள ரொம்ப வேகும்" என்றார்.

"வீட்லயும் வேகத்தான செய்யுது."

கார் இறங்கியது. அடியில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் மச்சான் கூஜாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். மோர் குடிக்கவில்லை. கயிறு உறை கிழிந்து பாறைமேல் சுருண்டு கிடந்தது.

கார் கிளம்பியது. ஊளை ஏறியது. பாதியில் ஒரு சின்னத் தளர்ச்சிகூட இல்லாமல், பள்ளத்தை நிரப்பிக்கொண்டு மேலே மேலே போனது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஊளைக்கு நடுவில், திறந்திருந்த சன்னல் வழியாக, சப்பென்று ஒரு சத்தமும் அக்காவின் குரலும் கேட்டன. "கைய எடுங்கண்ணே!"

பதினான்கு புள்ளி எட்டு. உள்ளே இரண்டு பேர், எஞ்சின் ஏற்கெனவே மூன்று முறை கொதித்தது, நேரம் ஒன்றரை மணி. இரண்டு முறை நோட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பாய் இறங்கி, இடது புறங்கையை எல்லாருக்கும் காட்டினார். சிவந்திருந்தது. "ஒரு தடவ இல்ல தம்பி, ரெண்டு தடவ அடிச்சுச்சு ஒங்க வீட்டம்மா. கோட்டத் தாண்டுனப்பறமும் ஒண்ணு."

"பின்ன என்னண்ணே, கை திரும்பவும் கெளம்புச்சுல்ல" என்றாள் அக்கா. முகமெல்லாம் வியர்வை, கொண்டை அவிழ்ந்திருந்தது. அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

"இழுவைன்னா இதுல்ல இழுவை!" என்று பாய் பானெட்டைத் தட்டினார்.

அக்காவும் நானும் மச்சானைப் பார்த்தோம். அப்போதுதான் அவர் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் பாயும் கூடச் சேர்ந்து சிரித்தார். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, வெயிலில் ஓரம் சுருங்கிக்கொண்டே போனது. கொஞ்ச நேரம் மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். போகும் முன், பம்புக்குத் தனியாக ஒரு பட்டன் வைக்க இரண்டே நாள் வேண்டும் என்று மச்சான் கேட்டதற்கு, "வேணாம் தம்பி. மொதல்ல இந்தக் கையத் திருத்தறேன்" என்றார். ஆனாலும் அடுத்த வாரமே கொண்டுவந்து விட்டார், கை திருந்தவில்லை. இப்போது பம்பின் பட்டன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, குனிந்தால்தான் எட்டும். கயிற்றை அவர் குவாரியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அது இன்று அக்கா வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடி.

அன்று குவாரியிலிருந்து என் சின்னக் காரில்தான் மூவரும் திரும்பினோம். சன்னல்களை ஏற்றி ஏசியைப் போட்டேன். அக்கா பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, "அப்பாடா, மனுசருக்கு அடிக்குற ஏசி" என்றாள். நாளைக்கே வீட்டு ஏசியைப் பார்ப்பதாக மச்சான் சத்தியம் செய்தார். அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊருக்குள் நுழையும் முன் ரயில்வே மேம்பாலம் வந்தது. மூன்று பேர், கூஜா, மச்சானின் கருவிப் பெட்டி. என் கை கியரிலிருந்து கிளம்பிப் பட்டன்வரை போயிருந்தது. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்தது. கையை அந்தரத்திலேயே நிறுத்தினேன்.

மச்சான் சாலையைப் பார்த்தபடியே சொன்னார், "அமத்திக்க மாப்ள, தப்பில்ல. ஒன் வண்டிக்கு அது சரிதான்."

அணைத்தேன். வண்டி ஏறியது.